சமையல் கள்ளியை வீவக வீட்டில் வளர்ப்பது: எந்தச் செடி, எந்த இடம்?

சமையலுக்கு ஆகும் சப்பாத்திக்கள்ளி வகைகளின் தட்டையான மடலை நட்டால் வேர் பிடிக்குமா என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். பிடிக்கும். மடலை அலமாரி மேல் வைத்து மறந்துவிட்டாலும் கொஞ்ச நாளில் வெட்டுவாயில் வேர் எட்டிப் பார்க்கும். சிங்கப்பூரில் சிக்கல் அதற்கு அப்புறம்தான். ஆண்டுக்கு ஏறக்குறைய 2,100 மில்லிமீட்டர் மழை, வருஷத்தில் கிட்டத்தட்ட பாதி நாள் மழைநாள், ராத்திரியிலும் பெரும்பாலும் 24, 25 டிகிரிக்குக் கீழே இறங்காத புழுக்கம். மெக்சிகோவின் வறண்ட மேட்டுநிலத்தில் பழகிய ஒரு செடியை இந்த ஊர்த் தாழ்வாரத்தில் வைத்துக் காய் பறிக்க ஆசைப்பட்டால், வேரைப் பற்றிய கவலையை விட்டுவிட்டு மழையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

என் முடிவை முன்பே சொல்லிவிடுகிறேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருப்பவர் சமையலுக்கு மடல் பறிக்க நினைத்தால், முள் இல்லாத சின்ன மடல் வகையான கொச்சினில்லிஃபெரா கள்ளியை எடுங்கள். மேலே கூரையும் ஆறு மணி நேர வெயிலும் உள்ள பால்கனி இருந்தால் பெரிய மடல் கொண்ட ஃபைகஸ் இண்டிகாவை முயன்று பார்க்கலாம். பழம்தான் வேண்டுமென்றால் இரண்டையும் விட்டுவிட்டு டிராகன் பழத்துக்குப் போங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன். உங்கள் வீட்டு நிலைமை வேறாக இருந்தால் முடிவும் மாறலாம்.

மடலா, பழமா?

இதைத் தீர்மானிக்காமல் செடி வாங்குவது வீண். நம்மில் பலருக்கு ஊரில் வேலியோரம் பறித்துத் தின்ற சிவப்புப் பழம்தான் ஞாபகத்தில் இருக்கும். நாக்கும் உதடும் சிவந்து, சுணை குத்தி, வீட்டில் திட்டு வாங்கிய நினைவு. அந்த ஆசையில்தான் பலர் இதைத் தேடுகிறார்கள். ஆனால் உலகத்தில் சமையல் கள்ளி என்று சொல்லும்போது முதலில் வருவது மடல். மெக்சிகோவில் இளம் மடலைக் கீற்றுக் கீற்றாக நறுக்கி, முட்டையோடும் வெங்காயம் தக்காளியோடும் சேர்த்து அன்றாடக் காய்கறியாகச் சமைக்கிறார்கள். கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் பச்சை வாசம், வெண்டைக்காயைப் போன்ற வழவழப்பு.

மடலுக்குச் செடி வளர்ந்தால் போதும். பழத்துக்கு அது பூக்க வேண்டும், பூத்தது காய்க்க வேண்டும். ஃபைகஸ் இண்டிகா நன்றாகப் பூக்கக் குளிர்ந்த ஒரு பருவம் கேட்கிறது. சிசிலி, மொராக்கோ, மெக்சிகோ மேட்டுநிலம் என்று அது பழமாகக் குவியும் இடங்களிலெல்லாம் ஆண்டில் சில மாதம் இரவுகள் நன்றாகக் குளிரும். சிங்கப்பூரில் டிசம்பரில் நாம் ஸ்வெட்டர் தேடும் அந்த ஒன்றிரண்டு வாரக் குளிரும் அதற்குக் கணக்கில் வராது. செடி பச்சைப்பசேல் என்று மடல் மேல் மடலாக விட்டுக்கொண்டே போகும், பழம் மட்டும் கண்ணில் படாது. படத்தில் பழத்தைக் காட்டி மடல் விற்பவரிடம் வாங்கும்போது இதை மனத்தில் வையுங்கள்.

நான்கு செடிகள், நான்கு கணக்குகள்

முதலில் ஃபைகஸ் இண்டிகா. சமையல் கள்ளி என்றால் உலகம் முழுக்க இதைத்தான் குறிப்பார்கள். மடல் ஒரு அடிக்கு மேல் நீளும், சதைப்பற்று அதிகம், முள் குறைந்த வகைகள் நிறைய உண்டு. மெக்சிகோ நகரத்தின் தெற்கே மில்பா அல்தா என்ற பகுதி இதைக் காய்கறியாகப் பயிரிடுவதற்குப் பேர்போனது. அது கடல்மட்டத்துக்கு மேல் 2,000 மீட்டருக்கும் அதிக உயரத்தில் இருக்கிறது. இந்தச் செடி பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுக்கும். பகல் 25, இரவு 15 என்ற அளவில் வெப்பம் இருந்தால் அதற்கு மிகவும் பிடிக்கும். நம் இரவு அதற்கு வெக்கை. வளராமல் போகாது, ஆனால் கொஞ்சம் சோம்பலாக வளரும், அதோடு மண்ணில் ஈரம் தங்கினால் அடித்தண்டு அழுகும். நிலத்தில் நட்டால் ஆளுயரம் தாண்டி மரமாகும் செடி இது. தொட்டியில் நான்காவது அடுக்கு மடல் வந்ததும் தலைபாரம் தாங்காமல் சாயும்.

இரண்டாவது கொச்சினில்லிஃபெரா. பழைய நூல்களில் நோபலியா என்று தனி இனமாகவே இருக்கும். மடல் குறுகலாக, உள்ளங்கை அகலத்தில் நீண்டிருக்கும். பெரும்பாலும் முள்ளே இருக்காது, சுணையும் மிகக் குறைவு. வெப்பமண்டலத் தாழ்நிலத்தில் வளர்ந்து பழகிய வகை என்பதால் நம் மழைக்கும் ஈரத்துக்கும் மற்றதைவிட நன்றாக ஈடுகொடுக்கும். மெக்சிகோவிலும் இதன் இளம் மடலைச் சமைப்பார்கள். பிரேசிலின் வடகிழக்கில் மாட்டுத்தீவனமாகப் பெருமளவில் பயிரிடுகிறார்கள். மடல் சிறியது, அதனால் ஒரு வேளைக் கூட்டுக்குச் சில மடல் கூடுதலாகப் பறிக்க வேண்டியிருக்கும். இதன் குறை என்றால் அவ்வளவுதான். இளஞ்சிவப்புப் பூ விரியாமல் கூம்பியே நிற்கும், கேசரங்கள் மட்டும் வெளியே நீட்டியிருக்கும். சொந்த ஊரில் ஹம்மிங் பறவைகள் வந்து தேன் குடிக்கும் பூ.

கொச்சினில்லிஃபெரா என்றால் கொச்சினீல் என்ற சாயப்பூச்சியைத் தாங்கும் கள்ளி என்று பொருள். நமக்கும் சாயப்பூச்சிக் கள்ளிக்கும் ஒரு பழைய உறவு உண்டு. சிவப்புச் சாயம் தரும் பூச்சியை வளர்ப்பதற்காகவே 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் சென்னை சைதாப்பேட்டையில் ஒரு கள்ளித் தோட்டம் போட்டார். சாயத் தொழில் அவர் நினைத்தபடி வரவில்லை. கள்ளியும் பூச்சியும் பிறகு தமிழ்நாட்டில் தங்கள் பாட்டுக்கு வேறு கதை நடத்தின. அதைப் பூச்சி பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

மூன்றாவது, நம் ஊர் சப்பாத்திக்கள்ளி. நாகதாளி என்றும் சொல்வோம். கடலோர வெக்கையிலும் பூத்துக் காய்க்கும் என்பதால், பழம் என்று பார்த்தால் ஃபைகஸ் இண்டிகாவைவிட இதற்குத்தான் இங்கே வாய்ப்பு அதிகம். ஆனால் அந்த முள்! மஞ்சள் நிறத்தில், கொத்துக் கொத்தாக, ஒரு அங்குலத்துக்கும் மேல். பிள்ளைகள் ஓடுகிற, பக்கத்து வீட்டுப் பாட்டி சக்கர நாற்காலியில் போகிற பொதுத் தாழ்வாரத்தில் இதை வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தரைவீட்டில் இருப்பவர்கள் வேண்டுமானால் பின்பக்கம் ஒரு மூலையில் வைக்கலாம். ஊருக்குப் போய்வரும்போது பெட்டியில் ஒரு மடல் போட்டுக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். இந்தியாவிலிருந்து செடியோ துண்டோ கொண்டு வர அந்த நாட்டின் தாவர நலச் சான்றிதழும் இங்கே இறக்குமதி அனுமதியும் வேண்டும். ஒரு மடலுக்காக யாரும் அந்த வேலை பார்ப்பதில்லை.

நான்காவது டிராகன் பழக் கொடி. இதுவும் கள்ளி இனம்தான், ஆனால் காட்டு மரங்களில் தொற்றி ஏறும் வகை. மழையும் ஈரமும் இதற்குப் பழக்கம். ஒரு முழ நீளத் தண்டை வெட்டி நட்டால் வேர் பிடிக்கும். ஏறுவதற்கு உறுதியான கம்பம் கேட்கும். பூ ராத்திரியில் விரிந்து விடிந்ததும் வாடும், சில வகைகளுக்கு நாமே தூரிகையால் மகரந்தம் தடவிவிட வேண்டும், பூத்து ஒரு மாதம் சுமாரில் பழம். சமூகத் தோட்டங்களில் இது கம்பத்தில் ஏறி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காய்ந்த பூவைச் சீன மருந்துக் கடைகளில் சூப்புக்கென்று விற்கிறார்கள், அதுவும் இந்த இனத்துப் பூதான். பழத்துக்காக இவ்வளவு நேரம் படித்தவர்கள் இதோடு நின்றுகொண்டு ஒரு டிராகன் தண்டு தேடலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டில் நேர் வெயிலே விழவில்லை என்றால் இந்த நான்குமே வேண்டாம், பிரண்டை வையுங்கள். கணுவோடு ஒரு துண்டு போதும், அரை நிழலிலும் ஏறும், துவையலுக்கு ஆகும். கள்ளிக்கு வெயில் இல்லாவிட்டால் மடல் மெலிந்து, நீண்டு, வெளிறிப்போகும். அதில் நறுக்கிச் சமைக்க ஒன்றும் இருக்காது.

மடல், வேர்விட்ட செடி, விதை

விதையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஓடு கெட்டியானது, முளைக்கத் தாமதமாகும், முளைத்தது கைப்பிடி அளவு மடலாக ஆண்டுக்கணக்கில் ஆகும். தாய்ச்செடியைப் போலவே வரும் என்ற உறுதியும் கிடையாது. பொழுதுபோக்குக்குச் செய்யலாம், குழம்புக்கு ஆகாது.

மடலா வேர்விட்ட செடியா என்பதுதான் உண்மையான போட்டி. சுங்கை தெங்ஙா பக்கத்து நர்சரிகளிலோ தாம்சன் ரோட்டிலோ சின்னத் தொட்டியில் கள்ளிகள் கிடைக்கும். வேர் இருக்கிறது, அன்றே வைத்துவிடலாம் என்பது வசதி. ஆனால் நர்சரியில் தட்டையான மடலோடு அழகாக அடுக்கி வைத்திருப்பவற்றில் பாதி முயல்காதுக் கள்ளி. மடல் முழுக்க மஞ்சளாகவோ வெள்ளையாகவோ புள்ளி வைத்தாற்போல இருக்கும், முள்ளே இல்லாத மாதிரி தெரியும். அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான சுணை. தொட்டால் இரண்டு நாளைக்குக் கை ஊறும். சமையலுக்கான செடி அது இல்லை. அப்புறம், அழகுச்செடியாக விற்பவற்றுக்குப் பூச்சிமருந்து அடித்திருப்பார்கள், தண்டுக்குள்ளேயே பரவும் மருந்தாகவும் இருக்கலாம். வாங்கிய மடலைச் சமைக்க வேண்டாம், உங்கள் வீட்டில் அது முதலில் விட்ட மடலையும் விட்டுவிட்டு, அதிலிருந்து வரும் அடுத்த தலைமுறை மடலைச் சட்டியில் போடுங்கள்.

மடல் என்றால் கேரோசல் விற்பனைச் செயலியில் தேடலாம், சமூகத் தோட்டத்தில் கேட்கலாம். ஒரு செடி வைத்திருப்பவரிடம் எப்போதும் மடல் மிச்சமிருக்கும், கேட்டால் பெரும்பாலும் சும்மாவே தருவார்கள். மருந்து அடித்ததா என்று நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், தாய்ச்செடி எவ்வளவு வெயிலில் எப்படி நிற்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். எனக்கு இது நர்சரிச் செடியைவிட மேல். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட, முற்றிய, நல்ல தடிமனான மடலாகக் கேட்டு வாங்குங்கள். பளபள என்று இளசாக இருப்பது கறிக்கு நல்லது, நடுவதற்கு ஆகாது. சுருங்கிப்போகும், இல்லை அழுகும்.

வாங்கும்போது ஒரு சோதனை கட்டாயம் செய்யுங்கள். வெட்டுவாயில் வெள்ளைப் பால் வடிந்தால் அதைத் தொடாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சதுரக்கள்ளி, திருகுக்கள்ளி, கொடிக்கள்ளி என்று நாம் கள்ளி சேர்த்துச் சொல்பவை வேறு குடும்பம். அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சமையல் கள்ளியை வெட்டினால் நிறமில்லாத வழவழப்பான சாறுதான் வரும்.

எங்கே வைப்பது

செடியைவிட இந்த முடிவுதான் கடினம், ஏனென்றால் இதில் நம் விருப்பம் பாதி, விதி பாதி.

தாழ்வாரத்தில் வைப்பவர்கள் நடக்க 1.2 மீட்டர் அகலம் காலியாக விட வேண்டும். தீ விபத்தில் ஆட்கள் வெளியேறவும் மீட்புப் பணியாளர்கள் உள்ளே வரவும் குடிமைத் தற்காப்புப் படை கேட்கும் அளவு அது. கைப்பிடிச் சுவர் மேல் தொட்டி வைப்பது அறவே கூடாது. பத்தாவது மாடியிலிருந்து ஒரு மண்தொட்டி விழுந்தால் என்ன ஆகும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஜன்னலுக்கு வெளியே தொங்கவிடுவதும் அப்படித்தான். ஃபைகஸ் இண்டிகா இங்கே தோற்பது இதனால்கூட. அதன் மடல் பக்கவாட்டில் விரிந்து, காலியாக விட வேண்டிய வழிக்குள் நீட்டும். கொச்சினில்லிஃபெராவைக் குச்சி வைத்துக் கட்டி நேராக நிறுத்தலாம், நீட்டினால் பறித்துச் சமைத்துவிடலாம்.

வெயிலைப் பொறுத்தவரை நாம் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி வடக்கே இருக்கிறோம். கிழக்கு அல்லது மேற்குப் பார்த்த தாழ்வாரத்துக்கு ஆண்டு முழுக்க அரை நாள் வெயில் உண்டு. வடக்குப் பார்த்ததற்கு மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை சாய்வாக வெயில் வரும், அப்புறம் வராது. தெற்குப் பார்த்தது இதற்கு நேர் மாறு. அதுவும் அதற்கு வெயில் வரும் நவம்பர், டிசம்பர், ஜனவரியில்தான் வடகிழக்குப் பருவக்காற்று மேகத்தைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. கிழக்குப் பார்த்த தாழ்வாரம்தான் என் முதல் தேர்வு. காலை வெயில் போதுமான அளவு கிடைக்கும், இரவு ஈரமும் சீக்கிரம் காயும். மேற்கு வெயில் கடுமையானாலும் கள்ளி தாங்கும், ஆனால் நர்சரி நிழலில் இருந்து வந்த மடலை முதல் நாளே அதில் நிறுத்தினால் வெளுத்துச் சூடு போட்டாற்போல ஆகிவிடும். ஒரு வாரம், பத்து நாளாகப் படிப்படியாக நகர்த்துங்கள்.

மேலே கூரை இருக்கிறதே என்று மழையை மறந்துவிட வேண்டாம். தென்மேற்குப் பருவத்தில் விடியற்காலையில் வரும் சுமத்ரா காற்று மழையைக் கிடையாகவே உள்ளே அடிக்கும். சுவரோடு ஒட்டி, தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்தி வைத்தால் நனைவது குறையும். கரையோரப் பூந்தோட்டங்களில் சன் பெவிலியன் என்ற பகுதியைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஆயிரக்கணக்கில் செடி பராமரிக்கும் நிபுணர்களே பாலைவனச் செடிகளுக்குத் தலைக்கு மேல் கூரை போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள்.

கூரையுள்ள கொண்டோ பால்கனி எல்லாவற்றிலும் வசதி. தண்ணீர் நம் கையில், வெயில் இருந்தால் அதிர்ஷ்டம். ஃபைகஸ் இண்டிகாவை விரும்புகிறவர்கள் இங்கே வைக்கலாம்.

சமூகத் தோட்டம், தேசியப் பூங்காக் கழகத்தின் வாடகைப் பாத்தி இரண்டிலும் இடமும் வெயிலும் உண்டு, கூரை கிடையாது. திறந்தவெளியில் நடுவதாக இருந்தால் கொச்சினில்லிஃபெரா மட்டும், அதுவும் மண்ணை மேடு கட்டி, தண்ணீர் வழிந்தோடும்படி. முள் வகையைப் பொதுத் தோட்டத்தில் வைப்பதற்கு முன் தோட்டத் தலைவரிடம் கேட்டுக்கொள்வது மரியாதை. பாத்திக்கு நடுவே வந்து குனிந்து களை எடுப்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள்.

தொட்டி, மண், தண்ணீர்

பளபள பீங்கான் தொட்டி, பிளாஸ்டிக் தொட்டி, சுட்ட மண்தொட்டி மூன்றில், கூரைக்குக் கீழே மண்தொட்டிதான். பக்கச் சுவர் வழியாகவும் ஈரம் போகும், கனமாக இருப்பதால் செடி சாயாது. வேர் ஆழமாகப் போகாமல் பக்கத்தில் பரவுகிற செடி என்பதால் ஆழத்தைவிட அகலம் முக்கியம்; ஒரு அடி அகலம் இருந்தால் ஒரு மடலுக்கு நெடுநாள் போதும். தொட்டியைத் தூக்கி உள்ளே வெளியே வைக்க வேண்டிய வீட்டில் மட்டும் பிளாஸ்டிக்.

மூட்டையில் விற்கும் சாதாரண மண்கலவையை அப்படியே நிரப்பினால் சிங்கப்பூர் ஈரத்தில் அது ஒரு வாரத்துக்குக் காயாது. கலவையில் பாதிக்கு மேல் கல் போன்ற பொருளாக இருக்கட்டும்: பியூமிஸ், பெர்லைட், கருக்கிய மண் என்று நர்சரிகளில் விற்கும் கட்டி மண், எது கிடைக்கிறதோ அது. மீதி மண்ணும் மட்கிய எருவும். முழுக்கக் கல்லாக நிரப்புங்கள் என்று அழகுக் கள்ளி வளர்ப்பவர்கள் சொல்வார்கள். அவர்களுக்குச் செடி மெதுவாக வளர்ந்தால்தான் அழகு. நமக்கு மாதாமாதம் இளம் மடல் வேண்டும், அதற்குச் சோறு போட்டே ஆக வேண்டும். மில்பா அல்தா விவசாயிகளும் எருவைக் கொட்டித்தான் வளர்க்கிறார்கள். ஆனால் மழை மாதங்களில் உரத்தை நிறுத்திவிடுங்கள். ஈரத்தில் உரம் தின்று கொழுத்த மடல் எளிதாக அழுகும்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைப்பதா வேண்டாமா என்பதில் இங்கே ஒரு இக்கட்டு. வைக்காவிட்டால் தண்ணீர் தாழ்வாரத்தில் ஓடி அண்டை வீட்டார் முகம் சுளிப்பார்கள். வைத்தால் தண்ணீர் தேங்கிக் கொசு முட்டையிடும், டெங்கிப் பரிசோதனைக்கு வருகிறவர்கள் அபராதம் விதிப்பார்கள், கள்ளியின் வேரும் கெடும். தட்டு வைத்து, தண்ணீர் ஊற்றிய கால் மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள். கள்ளிக்கு இது பெரிய வேலை இல்லை, ஏனென்றால் விரல் விட்டுப் பார்த்து உள்மண் முழுக்கக் காய்ந்த பிறகுதான் தண்ணீர். வெயில் மாதத்தில் வாரம் ஒருமுறை, மழை மாதத்தில் அதுவும் தேவைப்படாது.

நடும்போது

மடலைக் கணுவில், ஒடுங்கிய இடத்தில், சுத்தமான கத்தியால் வெட்டுங்கள். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்ட வறண்ட நாடுகளில் ஒரு வாரம் போதும். இங்கே இரண்டு வாரம் கொடுங்கள், நிழலில், காற்று ஓடும் இடத்தில். சமையலறையில் வேண்டாம். மின்விசிறி ஓடும் அறையில் நிமிர்த்திச் சாய்த்து வைத்தால் இன்னும் நல்லது. வெட்டுவாய் தொட்டால் அட்டை மாதிரி இருக்க வேண்டும். சாம்பலோ மஞ்சளோ தடவலாமா என்று கேட்பார்கள். தடவினால் கெடுதல் இல்லை, காயவைப்பதற்கு அது மாற்றும் இல்லை.

நிமிர்த்தி நடுவது, படுக்க வைப்பது என்று இரண்டு முறை உண்டு. படுக்க வைத்தால் பல கண்களிலிருந்து வேரும் தளிரும் வரும், செடி அடர்த்தியாகும். ஆனால் மடலின் ஒரு பக்கம் முழுக்க ஈரமண்ணில் படும், அது இந்த ஊருக்கு ஒத்துவராது. மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகும்படி நிமிர்த்தி நட்டு, சாயாமல் இரண்டு பக்கமும் கல் வைத்துவிடுங்கள். அகலமான முகம் கிழக்கும் மேற்கும் பார்க்கட்டும். நட்டதும் தண்ணீர் ஊற்றும் பழக்கம் நம் கையிலேயே ஊறியிருக்கிறது, அதை இந்த ஒரு செடிக்கு மட்டும் விட்டுவிடுங்கள். மூன்று வாரம் கழித்து மெல்ல ஆட்டிப் பார்த்து, பிடிமானம் தெரிந்தால் முதல் தண்ணீர். மாதம் என்று பார்த்தால் மழை குறைந்த பிப்ரவரிதான் வசதி. நவம்பரில் மடல் கிடைத்தால் அலமாரி மேலேயே வைத்திருந்து ஜனவரிக்கு அப்புறம் நடலாம், அது சாகாது.

பூச்சியும் அழுகலும்

மடலில் பஞ்சு ஒட்டினாற்போல வெள்ளையாக இருந்தால் குச்சியால் நசுக்கிப் பாருங்கள். இரத்தமாகச் சிவந்தால் சாயப்பூச்சி, இல்லையென்றால் மாவுப்பூச்சி. இரண்டுக்கும் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துவிட்டு, வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து மாலையில் தெளித்தால் போதும். ஆனால் சாயப்பூச்சியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தென்னிந்தியாவில் காடு போல் பரவியிருந்த சப்பாத்திக்கள்ளியை அழிக்க 1926இல் இலங்கையிலிருந்து ஒரு சாயப்பூச்சி வகையைக் கொண்டு வந்து விட்டார்கள். சில ஆண்டுகளிலேயே ஏக்கர் ஏக்கராகக் கள்ளி கருகிச் சரிந்தது. ஒரு தொட்டிச் செடி அதற்கு எம்மாத்திரம்.

அழுகல் வந்தால் மருந்து தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அடித்தண்டு மிருதுவாகி நாற்றம் வந்துவிட்டால், மேலே நல்ல மடல் எது என்று பார்த்து வெட்டி எடுத்து, முதலிலிருந்து தொடங்குவதுதான் ஒரே வழி. கத்தியை ஒவ்வொரு வெட்டுக்கும் துடையுங்கள்.

பறிப்பதும் சமைப்பதும்

புதுத் தளிரில் ஈர்க்கு நுனி போல் குட்டி இலைகள் இருக்கும், முற்ற முற்ற உதிர்ந்துவிடும். அந்த இலை இருக்கும்போதே, உள்ளங்கை நீளத்துக்கு வந்ததும் பறிப்பதுதான் பதம். விடிகாலையில் பறித்தால் புளிப்பு தூக்கலாக இருக்கும், மதியத்துக்கு மேல் பறித்தால் குறைவு. இரவில் சேர்த்துவைத்த அமிலத்தைச் செடி பகலில் செலவழித்துவிடுவதால் வரும் வித்தியாசம் இது. பொரியலுக்கு மாலை மடலும், புளி குறைத்து வைக்கும் குழம்புக்குக் காலை மடலும் எனக்குப் பொருத்தமாகப் படுகின்றன.

முள் இல்லாத வகையிலும் சுணை கொஞ்சம் இருக்கும். இடுக்கியால் பிடித்து, கண்களைக் கத்தியால் சீவி, ஓரத்தை நறுக்கிவிட்டு, குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். கையில் ஏறிவிட்டால் ஒட்டுநாடாவை ஒட்டி இழுங்கள். நறுக்கியதை மூடி போடாமல் அகலச் சட்டியில் எண்ணெய் விட்டு வதக்கினால் வழவழப்பு சுண்டிவிடும். உப்பைக் கடைசியில் போடுங்கள். கடுகு, காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், ஒரு பிடி தேங்காய்ப்பூ. சம்பாலில் போட்டுப் புரட்டினாலும் நன்றாக இருக்கிறது, பிளாச்சான் இறால் விழுதின் வாசத்தை அந்தப் புளிப்பு நன்றாகத் தாங்குகிறது.

சுவையில் ஃபைகஸ் இண்டிகா ஒரு படி மேல், அதை மறைக்க வேண்டியதில்லை. மடல் தடிமனாக இருப்பதால் சுட்டுச் சாப்பிடவும் வரும். கொச்சினில்லிஃபெராவைச் சுட்டால் ஒன்றும் மிஞ்சாது, அது வதக்கலுக்குத்தான்.

சிறுநீரகக் கல் வந்தவர்கள் அளவோடு சாப்பிடுங்கள், இதில் ஆக்சலேட் உண்டு. நீரிழிவுக்கு நல்லது என்று யாராவது உங்களுக்கு அனுப்பியிருப்பார்கள். இரத்தச் சர்க்கரையைக் கொஞ்சம் குறைக்கக்கூடியது என்பதாலேயே, ஏற்கெனவே மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவர்கள் தினமும் சாப்பிடத் தொடங்குவதற்கு முன் பாலிகிளினிக் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும்.

செடி நன்றாக வந்துவிட்டால் சமைத்தது போக மடல் மிஞ்சும். கேட்பவர்களுக்குக் கொடுங்கள், மிச்சத்தைப் பையில் கட்டிக் குப்பைச் சரிவுக்குழாயில் போடுங்கள். புளோக்குக் கீழே புல்தரையிலோ பூங்காவிலோ வீசாதீர்கள், கிடந்த இடத்திலேயே அது வேர் விட்டுவிடும்.